உலகம் எப்படி உண்டானது என்ற நம்பிக்கை நம் நடத்தையை மாற்றுமா?

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று வெளிப்படையானது. உங்கள் அலுவலகத்தில் சைவர், பௌத்தர், கத்தோலிக்கர், முஸ்லிம் என்று எல்லோரும் வேலை செய்கிறீர்கள். உலகம் எப்படி வந்தது என்று கேட்டால் நாலு பேரும் நாலு கதை சொல்வீர்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் கடன் எடுக்கிறீர்கள், பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்குகிறீர்கள், 138 பஸ்ஸில் தொங்குகிறீர்கள். அப்படியென்றால் அந்த நம்பிக்கையால் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்கள். மற்றக் கேள்வி கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் உங்கள் மகன், உலகத்தை யாரும் படைக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவன் கெட்டுப்போய்விடுவானோ என்று உங்கள் மனைவி பயப்படுகிறார். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, தொடக்கத்தைப் பற்றிய நம்பிக்கை போனால் ஒழுக்கமும் கூடவே போய்விடுமா என்பதைத்தான். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். மகனுடைய விஷயத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழும்பில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் முதலில் விஞ்ஞானமும் பிறகு உயர்தர உயிரியலும் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பின் சமய ஒப்பியலில் பட்டப்பின் படிப்பு ஒன்றும் செய்தேன். உளவியல் என் துறை இல்லை. எந்தச் சமயத்தின் பெயரிலும் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்குக் கிடையாது. கீழே சொல்வதில் வரலாறு சம்பந்தப்பட்டவற்றைத் துணிந்து சொல்வேன். மனிதர் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். உலகம் எப்படித் தொடங்கியது என்று ஒருவர் நம்புவது, தனியாக நின்று அவரை நடத்துவது மிகக் குறைவு. அந்தக் கதையை அவருடைய சமூகம் எதனோடாவது முடிச்சுப் போட்டு வைத்திருந்தால், அதாவது ஒரு கிழமையோடோ, உடலோடோ, செத்தவீட்டோடோ கட்டி வைத்திருந்தால், அந்த இடத்தில் அது மிகப் பலமாக வேலை செய்யும். முடிச்சு இல்லாத இடத்தில் கதை சும்மா கிடக்கும். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் பார்ப்பது முடிச்சு இல்லாத இடங்களைத்தான்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். நாலு பேருக்கும் நாலு தொடக்கக் கதை என்றீர்கள். நாலு பேருக்கும் தொடக்கம் ஒரே அளவு முக்கியமான விஷயமே இல்லை. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கமில்லாதவை. இறைவன் மாயையிலிருந்து உலகத்தைத் தோற்றுவிக்கிறான், ஒடுக்குகிறான், திரும்பத் தோற்றுவிக்கிறான். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவநெறிப் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஒன்றுமில்லாத வெறுமையிலிருந்து ஒரு நாள் உலகம் வந்தது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பௌத்தத்தில் இன்னும் ஒரு படி மேலே. உலகம் நித்தியமா, அநித்தியமா என்று சொல்லாவிட்டால் துறவையே விட்டுவிடுவேன் என்று மாலுங்கியபுத்திரர் என்ற பிக்கு புத்தரிடம் கேட்கிறார். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்த ஒருவன், எய்தவன் எந்தக் குலம், எந்த ஊர், வில் எந்த வகை என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் தெரிந்துகொள்ள முதலே செத்துப்போவான் என்று பதில் வருகிறது. ஆகவே உங்கள் பௌத்த நண்பர் இந்தக் கேள்விக்குத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் அது அவருடைய சமயத்துக்கு விரோதமில்லை.

கத்தோலிக்கருக்கும் முஸ்லிமுக்கும் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது விட்டுக்கொடுக்க முடியாதது. ஆனால் எப்படிப் படைத்தான் என்பதில் அங்கேயும் பிடி ஒரே மாதிரி இல்லை. மனித உடலின் பரிணாமத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்று பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950 இலேயே எழுதினார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 2ஆம் ஜோன் போல் 1996 இல் சொன்னார். முஸ்லிம்களில் பலர் மற்ற உயிர்களின் பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு ஆதம் நபியை மட்டும் அதற்கு வெளியே வைப்பார்கள்.

வகுப்பில் இதைத்தான் கண்டேன். காலையில் சமய பாடத்துக்குப் பிள்ளைகள் அறை அறையாகப் பிரிந்து போவார்கள்; அடுத்த மணிக்கு விஞ்ஞானத்துக்கு ஒன்றாக வந்து உட்காருவார்கள். உயர்தர உயிரியலில் பூமியில் உயிரின் தோற்றம், லமார்க், டார்வின், வாலஸ் எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. இயற்கைத் தேர்வைப் பற்றிய கட்டுரை வினாவுக்கு முழுப் புள்ளி எடுக்கும் விடைத்தாளின் தலையில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி இருக்கும், இல்லாவிட்டால் பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786 இருக்கும், இல்லாவிட்டால் பென்சிலில் ஒரு சிலுவை. இதைப் பார்த்து இரட்டை வேடம் என்று சிரிக்கிற ஆசிரியர்களும் இருந்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தச் சுழியும் சிலுவையும் சோதனைப் பயத்துக்குப் போட்டவை. உலகத்தின் வயதைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

சரி, முடிச்சு இருக்கிற இடத்துக்கு வருவோம். அண்மைக் காலத்தில் நம் கண்முன்னே நடந்தது 2020 இல்தான். அந்த ஏப்ரலில் கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியும் இங்கே விடவில்லை. வழக்குப் போட்டார்கள்; டிசம்பர் மாதத் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. சில முஸ்லிம் குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்கவே மறுத்தன. கையெழுத்துப் போட்டால் எரிப்பதற்குச் சம்மதித்ததாகிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. பிறந்து 20 நாளான ஒரு குழந்தை எரிக்கப்பட்ட பிறகு பொரளை கனத்தை மயானத்தின் வாசலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள், இறந்தவரைச் சுற்றும் கபன் துணியின் அடையாளமாக. முஸ்லிம்களுக்குள் மேமன், மலாய், சோனகர் என்று பார்க்காமல் கட்டினார்கள். கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் கூட வந்து கட்டினார்கள். இரவோடு இரவாக அவை அகற்றப்பட்டன, மறுநாள் திரும்பக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானி மாறியது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இதில் உலகத்தின் தொடக்கம் எங்கே வருகிறது? முஸ்லிம் நண்பர் ஒருவரின் ஜனாஸாவுக்கு குப்பியாவத்தை மையவாடிக்குப் போயிருந்தேன். குழியைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவரும் குனிந்து மூன்று பிடி மண் எடுத்துப் போட்டார்கள். முதல் பிடிக்கு "இதிலிருந்தே உங்களைப் படைத்தோம்", இரண்டாவதுக்கு "இதற்கே உங்களைத் திருப்புவோம்", மூன்றாவதுக்கு "இதிலிருந்தே உங்களை மீண்டும் வெளிப்படுத்துவோம்" என்று ஓதுவது வழக்கமாம். குர்ஆனின் 20ஆம் அத்தியாயம், 55ஆம் வசனம். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அரபியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே, எனக்காகத் தமிழிலும் சொன்னார். அந்த இடத்தில் படைப்புக் கதை புத்தகத்தில் இல்லை, நகக்கண்ணுக்குள் மண்ணாக இருக்கிறது. மனிதன் மண்ணிலிருந்து வந்தவன் என்ற நம்பிக்கையை ஒரு மனிதனின் வாழ்க்கையில் எத்தனையோ தடவை, அவன் நேசித்த ஒவ்வொருவரின் குழியருகிலும், கையால் செய்து காட்டும் சமூகம் அது. அந்தச் சமூகத்திடம் உடலை எரிக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று அரசுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஆனாலும் இதை அவசரமாகத் தொடக்க நம்பிக்கையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இஸ்லாமியச் சட்டத்தில் அடக்கத்துக்கான அடிப்படை நபிவழியும் இறந்த உடலுக்குக் கொடுக்கும் மரியாதையும். மண்ணிலிருந்து படைப்பு என்பது அந்தக் கடமைக்குப் பொருள் கொடுக்கிறது, கடமையை உண்டாக்கவில்லை. இதற்கு நல்ல சோதனை பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. கத்தோலிக்கருக்கும் அதே மண் கதைதான். திருநீற்றுப் புதனன்று கொச்சிக்கடையிலும் பம்பலப்பிட்டியிலும் நெற்றியில் சாம்பல் பூசும்போது, மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்றுதான் குருவானவர் சொல்கிறார். நூற்றாண்டுக் கணக்காக அவர்களும் எரிப்பதைத் தடுத்தே வைத்திருந்தார்கள். 1963 இல் வத்திக்கான் எரிக்கலாம் என்றது. சாம்பலை வீட்டில் வைக்கக் கூடாது, தூவக் கூடாது என்று 2016 இல் ஒரு நிபந்தனை வந்தது, அவ்வளவுதான். கதை ஒரு சொல்லும் மாறவில்லை, நடைமுறை மாறிவிட்டது. மண்ணைப் பற்றிய அதே நம்பிக்கையிலிருந்து ஒரு சமூகம் உறுதியாக நிற்கிறது, இன்னொரு சமூகம் அதிகாரபீடம் ஒரு கடிதம் எழுதியதும் இளகுகிறது என்றால், தீர்மானிப்பது கதை மட்டுமில்லை. யார் அந்தக் கதைக்குக் காவல் இருக்கிறார்கள், எத்தனை தடவை அதைக் கையால் செய்கிறார்கள் என்பதும்தான். நம்மையே பாருங்களேன். ஐம்பூதத்தில் வந்தது ஐம்பூதத்துக்கே போகட்டும் என்று சொல்லி உடலை எரிக்கிறோம். அதே வீட்டில் பச்சைக் குழந்தை போனால் புதைக்கிறோம், துறவியாக இருந்தால் சமாதி வைக்கிறோம்.

இரண்டாவது உதாரணம் சத்தமில்லாதது, ஆனால் நம் ஒவ்வொரு வாரத்தையும் தொடுவது. ஆறு நாளில் படைப்பு, ஏழாம் நாள் ஓய்வு என்ற கதை யூதருடைய ஓய்வு நாளுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இங்கேயே ஒரு வேடிக்கை. பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடத்தில் வருகின்றன. யாத்திராகமத்தில் ஓய்வுக்குச் சொல்லும் காரணம், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமத்தில் அதே கட்டளைக்குக் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் உன்னைப்போல் இளைப்பாறட்டும். ஓய்வு நாள் அப்படியே இருக்கிறது, காரணம் மட்டும் மாறுகிறது. நடைமுறை முதலில் வந்து காரணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. நிரூபிக்க வழியில்லாததால் சந்தேகமாகவே வைத்திருக்கிறேன். ஏழு நாள் வாரத்துக்குக் கோள்களை வைத்து வந்த இன்னொரு வேரும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்கள் ஞாயிறை எடுத்தது உயிர்த்தெழுதலுக்காக. முஸ்லிம்களுக்கு வெள்ளி ஓய்வு நாளே இல்லை. வானத்தையும் பூமியையும் ஆறு நாளில் படைத்தோம், எந்தக் களைப்பும் எம்மைத் தொடவில்லை என்று குர்ஆன் சொல்கிறது. தொழுகை முடிந்தால் கலைந்து போய் இறைவன் அருளைத் தேடுங்கள் என்றும் சொல்கிறது. புறக்கோட்டையில் வெள்ளி மத்தியானம் இழுத்து மூடிய கதவுகள் ஜும்ஆ முடிந்ததும் திரும்ப ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதவுக்கும் களைப்பில்லாத கடவுளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே நான் அதில் அளவோடுதான் நம்பிக்கை வைப்பேன்.

இப்போது இலங்கைக்கு. 1966 இல் டட்லி சேனநாயக்க அரசு சனி, ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, சந்திரனின் நாலு கட்டங்களுக்கும் வரும் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. போயா எந்தப் படைப்புக் கதையிலிருந்தும் வந்ததில்லை. சந்திரனைப் பார்த்து விரதம் இருக்கும் பழைய இந்திய வழக்கத்தைப் பௌத்த சங்கம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆக ஆறு நாள் படைப்போடு கட்டிய ஒரு வாரத்தைக் கழற்றிவிட்டு, தொடக்கத்தைப் பற்றி வாயே திறக்காத ஒரு வாரத்தை ஒரு நாடு மாட்டிப் பார்த்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இருந்த கத்தோலிக்கக் குடும்பம் விடியவே பூசைக்குப் போய்விட்டு வந்து, அவசர அவசரமாகச் சீருடை மாற்றி எங்களோடு நடந்து வரும். சந்திரன் நம் அட்டவணைக்கு ஆடமாட்டான் என்பதால் சில வாரம் 7 நாள், சில வாரம் 8 நாள். இந்த வாரம் எந்தக் கிழமை லீவு என்று கலண்டரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். துறைமுகமும் வங்கிகளும் ஏற்றுமதிக் கம்பனிகளும் உலகம் வேலை செய்யும் நாளில் பூட்டிவிட்டு, உலகம் தூங்கும் நாளில் திறந்து வைத்திருந்தன. 1971 இல் பழையபடி சனி, ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாகத் தங்கியது.

அந்த ஐந்து வருடங்களில் யாருடைய நம்பிக்கையும் மாறவில்லை. கிறிஸ்தவர் படைப்பை நம்பாமல் போகவுமில்லை, ஞாயிறு திரும்பி வந்தபோது பௌத்தர் எவரும் ஆறு நாள் கதையை நம்பத் தொடங்கவுமில்லை. ஞாயிறைக் கொண்டுவந்தது கப்பல் போக்குவரத்து. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் யாரோ ஒருவருடைய தொடக்கக் கதையின் ஒரு துண்டு உங்கள் சம்பள நாட்களை, மகனின் ரியூஷன் நேரத்தை, கல்யாண மண்டபத்தின் வாடகையை இன்றைக்கும் தீர்மானிக்கிறது. நம்புகிறவரையும் நம்பாதவரையும் அது ஒரே மாதிரித் தொடுகிறது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதாக உங்களுக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கக் கதை தெளிவாக ஒன்றைச் சொல்லியும் மக்கள் அதைக் கேட்காத இடம் சாதி. இருக்கு வேதத்தின் புருஷ சூக்தத்தில் வர்ணங்கள் புருஷனின் உடலிலிருந்து வருகின்றன. அது பிற்காலத்தில் ஏற்றத்தாழ்வுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. அதற்கு நேரெதிராகப் பாளி நூல்களில் அக்கஞ்ஞ சுத்தம் இருக்கிறது. ஒளியுடம்போடு மிதந்த உயிர்கள் பூமியின் சாரத்தை ருசி பார்த்து, கனத்து, பிறகு நெல்லைச் சேமித்து, வரம்பு கட்டி, களவு வந்து, கடைசியில் தங்களுக்குள் ஒருவரை அரசனாகத் தெரிந்தெடுக்கிற கதை. குலங்கள் மனிதர்கள் செய்த ஏற்பாடு, பிரமனின் வாயிலிருந்து யாரும் பிறக்கவில்லை என்று காட்டுவதற்காகவே சொல்லப்பட்டது. இந்தக் கதையை வைத்திருக்கும் நாட்டில் 1753 இல் நிறுவப்பட்ட சியாம் நிகாயம் என்ற பிக்குகள் பிரிவில் சில ஆண்டுகளிலேயே கொவிகம சாதிக்கு மட்டும் உபசம்பதா (முழுப் பிக்குவாகும் தீட்சை) என்றாகிவிட்டது. மற்றச் சாதியினர் பர்மாவின் அமரபுரத்துக்குக் கப்பலேறிப் போய் உபசம்பதா பெற்று வந்து தனி நிகாயம் தொடங்க வேண்டியிருந்தது. நம் பக்கம் மட்டும் யோக்கியமா? எல்லா உயிரும் ஒரே மாதிரி பாசத்தில் கட்டுண்ட பசு என்று சித்தாந்தம் பேசிய ஊரில்தான் 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டி வந்தது. எல்லோரும் ஆதாமின் பிள்ளைகள் என்றவர்களின் வீட்டிலும் கல்யாணப் பேச்சு வந்தால் ஊர், பகுதி எல்லாம் விசாரிப்பார்கள். காணியும் கல்யாணமும் ஒரு பக்கம் நிற்கும்போது உலகத்தின் தொடக்கம் மறுபக்கத்தில் நின்று வென்றதை நான் வாசித்த வரலாற்றில் அதிகம் கண்டதில்லை.

சுற்றாடல் விஷயத்திலும் ஏறக்குறைய இதே கதை. பூமியை ஆண்டுகொள்ளுங்கள் என்ற ஆதியாகம வசனம்தான் மேற்கின் சுற்றாடல் அழிவுக்கு வேர் என்று லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் 1967 இல் எழுதினார், பெரிய சர்ச்சை. அதற்குப் பின் வந்த கருத்துக்கணிப்புகள் ஒரு பக்கமும் தெளிவாகச் சாயவில்லை. அதே ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்திலுள்ள "பண்படுத்தவும் காக்கவும்" என்ற சொற்களை எடுத்து 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் சுற்றாடலுக்காகவே ஒரு சுற்றுமடல் எழுதினார். பூமாதேவியைக் கும்பிட்டுவிட்டு வெள்ளவத்தைக் கால்வாய்க்குள் ஷொப்பிங் பையைக் கட்டி எறிகிற நம்மவர்களைப் பற்றி வைட் எழுதவில்லை. எழுதியிருந்தால் வாதம் இன்னும் சிக்கலாகியிருக்கும்.

இனி உங்கள் மகன். இந்த இடத்தில் அம்பு எந்தத் திசையில் போகிறது என்று முதலில் கேட்க வேண்டும். நம்பிக்கை வாழ்க்கையை மாற்றுகிறதா, வாழ்க்கை நம்பிக்கையை மாற்றுகிறதா? 2011 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். தன்னுடைய சாவைப் பற்றி யோசிக்க வைக்கப்பட்டவர்கள், பரிணாமத்தைவிட, உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்ற "திட்டமிட்ட வடிவமைப்பு" வாதத்தின் பக்கம் சற்று அதிகம் சாய்ந்தார்கள். இயற்கையை விளங்கிக்கொள்வதிலும் பொருள் இருக்கிறது என்று சொல்லும் ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தபோது அந்தச் சாய்வு திரும்பியது. ஒரே ஒரு ஆய்வுத் தொடரை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் வகுப்பில் நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. "சேர், உலகத்தை யாரும் படைக்கவில்லைதானே?" என்று வாதாட வரும் பையன்களில் பலருக்கு உண்மையில் உலகம் பிரச்சினையாக இருந்ததில்லை. வீட்டில் தகப்பனோடு ஏதோ ஒன்று, அல்லது கோயிலில் யாரோ அவமதித்தது, அல்லது நேர்த்தி வைத்தும் அம்மாவின் வருத்தம் மாறாதது. டார்வின் கைக்குக் கிட்டிய ஆயுதம். உங்கள் மகனுக்கும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. உண்மையாகவே யோசித்து அந்த முடிவுக்கு வந்தவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள்.

ஒழுக்கம் போகுமா என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல ஆதாரம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. ரொபர்ட் புட்னம், டேவிட் காம்பெல் என்ற இரு அரசறிவியலாளர்கள் 2010 இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சமயத்தில் ஈடுபாடுள்ளவர்கள் தர்மம் கொடுப்பதிலும் அயலவருக்கு உதவுவதிலும் முன்னே நிற்பதைக் கண்டார்கள். எதனால் என்று பிரித்துப் பார்த்தபோது, எதை நம்புகிறார்கள் என்பது பெரிதாக உதவவில்லை. வணக்கத்தலத்தில் எத்தனை நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்குக்கு வந்தது. அது அங்கத்தைய நிலைமை, பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். கொழும்புக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் உங்கள் மனைவியிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: அவன் பெருவெடிப்பை நம்புவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவன் அன்னதானத்துக்குச் சட்டி தூக்க வருவதையும் அப்பம்மாவின் திவசத்துக்கு நிற்பதையும் விட்டுவிட்டானா என்று மட்டும் பாருங்கள். படைப்பை நம்பாதவன் வரக் கூடாது என்று அந்தக் கதவுகளை நீங்களே அவனுக்குச் சாத்திவிடாதீர்கள். வாதாடி வெல்லப் பார்க்கும் வீடுகளில்தான் பிள்ளைகள் நம்பிக்கை, பழக்கம் இரண்டையும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அவனுக்கு வாதாட ஆசையாக இருந்தால் ஒரு தகவல் கொடுங்கள். விரியும் உலகத்துக்கு ஓர் ஆரம்பப் புள்ளி இருந்திருக்க வேண்டும் என்று 1931 இல் எழுதியவர் ஜோர்ஜ் லெமெத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். அதை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் பிரெட் ஹொயில், நாத்திகர். "பெருவெடிப்பு" என்ற பெயரையே 1949 இல் பிபிசி வானொலியில் அவர்தான் வைத்தார். ஆரம்பம் என்ற ஒன்றே அவருக்குப் பிடிக்கவில்லை. 1951 இல் பாப்பரசர் இந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது சங்கடப்பட்டவர் லெமெத்ரேதான். விஞ்ஞானத்தையும் விசுவாசத்தையும் அப்படிக் கலக்க வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு. விஷயத்தைத் தீர்த்தது இருவருடைய நம்பிக்கையும் இல்லை. அமெரிக்க வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் தங்கள் அன்ரெனாவில் கேட்டு 1965 இல் அறிவித்த, எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத இரைச்சல்தான், பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சுத்தான், தீர்த்தது. பெருவெடிப்பைச் சொன்னால் கடவுளை மறுத்ததாகும் என்று உங்கள் மகனும் மனைவியும் ஒரே தவறான கணக்கைத்தான் போடுகிறார்கள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு என்பது யாரையும் நாத்திகனாகவும் ஆக்காது, ஆத்திகனாகவும் ஆக்காது. (பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது சுமார் 454 கோடி, பார்த்தீர்களா என்று யாராவது வட்ஸப்பில் அனுப்பினால் அதை அவனுக்குக் காட்ட வேண்டாம். தற்செயலான பொருத்தத்தைச் சான்றாகக் காட்டினால் அவன் உங்கள் மற்றப் பேச்சையும் நம்பமாட்டான்.)

உறுதியாகச் சொல்ல முடியாத இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. என்னைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான், என்னை அவன் அறிவான் என்ற எண்ணம், கஷ்ட காலத்தில் ஒருவரைத் தாங்குகிறதா? தாங்குகிறது என்று சொல்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். ஆனால் அங்கே வேலை செய்வது தொடக்கத்தைப் பற்றிய நம்பிக்கையா, தன்னை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையா, இறந்த பின் என்ன என்ற நம்பிக்கையா என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. என் ஊகம், பெரும்பகுதி கடைசி இரண்டும்தான். இதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் நோயாளரோடு நாளும் பொழுதும் நிற்கும் தாதியரும், அங்கே போய்வரும் குருமார், பிக்குமார், மௌலவிமாரும்தான். அவர்களில் யாராவது உங்களுக்குப் பழக்கம் என்றால், நோயாளிகள் எதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.